திரும்பக்கா

கணிதத் துறையில் ‘திரும்பக்கா’ எங்கே என்று கேட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிகூட வழி சொல்லிவிடுவார். "கீழ்த்தளத்துல சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ரூம் இருக்கு பாருங்க. உள்ளேருந்து யாராவது ‘திரும்புங்க, திரும்புங்க’ன்னு கத்திக்கிட்டிருப்பாங்க. அதான்." கிண்டலுக்கு வைத்த பெயர்தான். யார் வைத்தார்கள் என்றும் அக்காவுக்குத் தெரியும். ஆனால் அதை அவர் வாங்கி மாலையாகப் போட்டுக்கொண்டுவிட்டார். கூப்பிட்டவர்களுக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

இந்தக் கதையைத் தலையாட்டலில் இருந்துதான் தொடங்க வேண்டும். கணக்குப் படித்த பெரிய மனிதர்கள் கூடும் கருத்தரங்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, நான் சொல்கிறேன். ஒருவர் கரும்பலகை முன்னால் நிற்பார். எழுதிக்கொண்டே பேசுவார். யாரிடம் பேசுவார்? பலகையிடம். வந்திருப்பவர்களுக்குக் கிடைப்பது அவருடைய முதுகும், சட்டையில் ஒட்டிய சாக்பீஸ் தூளும். கொஞ்ச நேரத்திலேயே பாதிப் பேருக்குப் பிடி விட்டுப் போகும். அப்புறம் மீதிப் பேருக்கும் விட்டுப் போகும். ஆனால் தலைகள் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். முன்வரிசைப் பேராசிரியர் ஆட்டுவதைப் பார்த்து இரண்டாம் வரிசை ஆட்டும், அதைப் பார்த்து மூன்றாம் வரிசை ஆட்டும். முன்வரிசைக்காரர் எதைப் பார்த்து ஆட்டுகிறார் என்பது அவருக்கே வெளிச்சம். ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லிவிட்டால் இத்தனை வருடம் படித்த படிப்புக்கே இழுக்கு என்று ஒரு பயம். உலகத்திலேயே நிரூபணம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர்கள் என்று பீற்றிக்கொள்ளும் கூட்டம், வாரத்துக்கு ஒரு மாலை பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிவிட்டு டீ குடித்துக் கலையும்.

அந்தக் கூட்டத்தில் அக்காவும் பல வருடம் ஆட்டினார். மற்றவர்களைவிட அழகாகவே ஆட்டினார். ஏனென்றால் மற்றவர்களுக்குக் கணக்குப் புரியவில்லை, அக்காவுக்கோ காதே கேட்கவில்லை.

வலது காது சின்ன வயதில் ஒரு காய்ச்சலோடு போனது. இடது காது கல்லூரியில் படிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மங்க ஆரம்பித்தது. காதில் மாட்டும் மெஷின் ஒன்று வாங்கினார். வீட்டில் அது பரவாயில்லை. உயரமான கூரை போட்ட கருத்தரங்கு மண்டபத்தில் அது மின்விசிறியின் சத்தத்தை மட்டும் துல்லியமாகக் கொண்டுவந்து கொடுத்தது. ஆகவே உதட்டைப் பார்த்துப் படிக்கப் பழகிக்கொண்டார். எதிரே முகம் இருந்தால் அக்காவுக்கு ஒரு சொல் தவறாது. முகம் பலகைப் பக்கம் போய்விட்டால் எல்லாம் போச்சு.

இதை யாரிடமும் சொல்லவில்லை. முதல் வேலைக்கு நேர்காணல் நடந்தபோது, தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "காது மந்தமா இருக்கிற பொண்ணு எப்படிங்க வகுப்பு எடுக்கும்?" என்று கேட்டார். வேறொரு பெண்ணைப் பற்றிச் சொன்னது. மெல்லத்தான் சொன்னார். ஆனால் உதடு இவர் பக்கம் இருந்தது. அன்றைக்கே அக்கா வாயை இறுக்கித் தைத்துக்கொண்டார்.

அக்காவின் ஆராய்ச்சி புள்ளிகளும் கோடுகளும் பற்றியது. நிறையப் புள்ளிகள், அவற்றைச் சேர்க்கும் கோடுகள், எல்லாம் சேர்ந்து ஒரு வலை. எந்தப் புள்ளியை எடுத்தால் வலை துண்டாகும், எதை எடுத்தால் தாங்கும் என்பதுதான் கேள்வி. கேட்க விளையாட்டாக இருக்கும். உள்ளே இறங்கினால் ஆளை விழுங்கிவிடும். அதில் ஒரு குறிப்பிட்ட வகை வலையை எடுத்துக்கொண்டு, வகுப்பு, விடைத்தாள், வீடு, சமையல் எல்லாவற்றுக்கும் நடுவில் மூன்று வருடம் உழைத்து, முக்கால் கிணறு தாண்டியிருந்தார்.

ஒரு நாள் துறைக் கூட்டம். துறைத்தலைவர் பலகையில் அந்த வருட ஆராய்ச்சித் தலைப்புகளை எழுதிக்கொண்டே பேசினார். பேசிக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்தினார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். ஏதோ கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. என்ன கேட்டார் என்று தெரியவில்லை. அக்கா வழக்கம்போலச் சிரித்தபடி தலையாட்டினார்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சக ஆசிரியர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பெருந்தன்மை யாருக்குங்க வரும்? மூணு வருஷ உழைப்பைத் தூக்கி ஒரு ஆராய்ச்சி மாணவன்கிட்ட குடுக்கறதுன்னா சும்மாவா?"

அக்கா கோப்பையை அப்படியே வைத்தார். நேராகத் தலைவர் அறைக்குப் போனார். தலைவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்: "உங்களைக் கேட்டுத்தானேம்மா குடுத்தேன்? ஆட்சேபணை இல்லையேன்னு கேட்டேன். நீங்க தலையாட்டினீங்க. எல்லாரும் பாத்தாங்களே."

எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்தச் சொல் வெளியே வரவில்லை. "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த மாணவன் அதே கணக்கில் ஒரு இடத்தில் சிக்கி, முட்டி மோதிப் பார்த்து, வேறு தலைப்புக்குப் போய்விட்டான். கணக்கு யாருக்கும் இல்லாமல் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

அன்று வீட்டுக்கு வந்து பையை வைத்த வேகத்தில் பை கீழே விழுந்தது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வாழ்க்கையை இரண்டு மாடிகளுக்கு நடுவில் கழித்தவர், அதனால் எதற்கும் பதறமாட்டார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு ஒரு தடவை தலையாட்டியிருக்கியா நீ?"

"இல்ல."

"அப்போ அவங்களுக்கு மட்டும் ஏன் ஆட்டற? நான் என்ன பாவம் பண்ணேன்?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள் அவர் முன்னால் வந்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டு பேசினாள். அந்த வீட்டில் பேச்சு என்றாலே அப்படித்தான். "அம்மா, நான் அடுப்படிலேருந்து கத்தினா நீ என்ன சொல்லுவ? ‘மூஞ்சியக் காட்டிப் பேசுடி’ம்ப. அதையே அங்க போய்ச் சொல்லு. ‘டி’யை மட்டும் விட்டுடு."

அடுத்த கருத்தரங்கில் அக்கா சொன்னார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் பலகையோடு அளவளாவிக்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்து, "சார், கொஞ்சம் திரும்புங்க" என்றார். மண்டபம் கப்சிப். வந்தவர் திரும்பி, கண்ணாடியைச் சரிசெய்தார். அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்குக் காது கேக்காது. உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன். எழுதி முடிச்சுட்டுத் திரும்பிப் பேசினீங்கன்னா எனக்கும் பங்கு கிடைக்கும்."

பல வருடம் பூட்டி வைத்ததை இப்படி ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டு உட்கார்ந்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. வந்தவர் இரண்டு நிமிடம் திரும்பிப் பேசினார், அப்புறம் மறுபடி பலகைக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்ததும் தலைவர் பக்கத்தில் வந்து கனிவோடு சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. இனிமே நீங்க சிரமப்பட்டு வரவே வேண்டாம். குறிப்பெல்லாம் அனுப்பி வைக்கச் சொல்றேன்."

ஒருவரை வெளியே நிறுத்துவதற்கு இதைவிட மரியாதையான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்த கோபத்தில் அன்று இரண்டு மாடிப் படியையும் எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. கீழே வந்து நின்றபோது எதிரே சைக்கிள் ஸ்டாண்டும், அதை ஒட்டி உடைந்த நாற்காலிகளை அடைத்துப் போட்டிருந்த ஒரு அறையும் கண்ணில் பட்டன.

அந்த அறையை அவர் கேட்டு வாங்கவில்லை. கேட்டால் கோப்பு நகரும், நகர்ந்துகொண்டே இருக்கும். சாவி வைத்திருந்த அலுவலக உதவியாளரிடம், "நான் பெருக்கி வெக்கறேன்" என்றார். பெருக்குகிறேன் என்று சொல்பவரை எந்த அலுவலகமும் தடுப்பதில்லை. கணவரும் மகளும் வந்தார்கள். நாற்காலிகளில் தேறியதைத் தட்டிச் சரிசெய்தார்கள். ஒட்டடை அடித்துக் கறுத்துப்போன முகத்தோடு மூன்று பேரும் சிரித்துக்கொண்டார்கள். சுவரில் ஒரு அட்டையை மாட்டினார் அக்கா. அதில் எழுதியிருந்தது இதுதான்: எழுது, திரும்பு, பேசு. புரியாதவர் நிறுத்தலாம். புரிந்த மாதிரி தலையாட்டக் கூடாது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி என்று அக்கம்பக்கத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். முதல் வியாழன் மூன்று பேர் வந்தார்கள்.

ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் பெண். இரட்டைக் குழந்தைகள். பள்ளியிலிருந்து அவர்களைக் கூட்டிவரச் சரியாக நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். மாடியில் கருத்தரங்கு ஐந்து மணிக்கு. ‘நாலு மணி’ என்றே அவரைக் கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகவும்.

இன்னொருவர் சக்கர நாற்காலியில் வரும் ஆராய்ச்சியாளர். கருத்தரங்கு மண்டபம் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தத் துறையில் சேர்ந்ததிலிருந்து அந்த மண்டபத்தின் உள்ளே எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. "நான் வண்டிக்காரன். வண்டி போற இடத்துக்குத்தான் நான் போவேன்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். வண்டிக்காரர் என்ற பெயர் அவரே வைத்துக்கொண்டது.

மூன்றாமவன் ஒரு சின்னஞ்சிறு ஊர்க் கல்லூரியின் கணித ஆசிரியன். தினமும் ஐந்து வகுப்பு. அந்தக் கல்லூரியில் கணக்குக்கு அவன் ஒருத்தன்தான். கணக்கைப் பற்றிப் பேச அங்கே ஒரு ஜீவன் கிடையாது. முதல்வரிடம் கெஞ்சி வியாழன் மட்டும் லீவு வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தான். வந்த முதல் நாள் கசங்கிய சட்டையோடு வாசலில் நின்று, "உள்ள வரலாமாக்கா? நான் பெரிய ஆளெல்லாம் இல்ல" என்றான். "பெரிய ஆளுங்க ரெண்டாம் மாடில இருக்காங்க. நீ உள்ள வா" என்றார் அக்கா. அன்றிலிருந்து அவன் பஸ் தம்பி.

முதல் சில வாரம் மகா கொடுமை. எழுது, திரும்பு, பேசு என்பது சொல்லச் சுலபம். பலகையைப் பார்த்துப் பேசியே பழகிய வாய் திரும்பினால் அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் அரைப் பக்கம் கூட நகராது. நாலு மணி பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த வேகத்துல போனா என் பசங்க கல்யாணத்துக்குள்ள ஒரு கணக்கு முடியாது" என்றார். ஆனாலும் விடவில்லை. யார் பலகைப் பக்கம் வாயைத் திறந்தாலும் மற்ற மூன்று பேரும் சேர்ந்து, "திரும்புங்க!" சைக்கிள் எடுக்க வந்த மாணவர்கள் சிரித்தார்கள். பட்டப்பெயர் அப்படித்தான் பிறந்தது.

ஒரு வியாழன், அக்கா கிணற்றில் கிடந்த தன் பழைய கணக்கை எடுத்து வெளியே போட்டார். எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் ‘இது வெளிப்படை’ என்று எழுதி, திரும்பி, விளக்க வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. பஸ் தம்பி பாவமாக, "அது எப்படிக்கா வெளிப்படை?" என்றான். அக்கா மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி மூடினார். பலகையைப் பார்த்துச் சொல்லியிருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருப்பார். மூன்று முகங்களைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. அது வெளிப்படையே இல்லை. அந்த இடத்தில்தான் அந்த மாணவனும் சிக்கியிருக்கிறான். அவனும் தலைவரிடம் தலையாட்டியிருப்பான், பாவம்.

அந்த ஓட்டையை அடைக்க அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு பாதியை வண்டிக்காரர் பிடித்தார், மறு பாதி பஸ் தம்பிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தோன்றியது. அடைத்தது சரிதானா என்று நாலு மணி ஒவ்வொரு வரியாகக் குடைந்தெடுத்தார். கட்டுரை வெளிவந்தபோது நாலு பேர் பெயரும் அகர வரிசையில் இருந்தது. கணக்கில் அதுதான் வழக்கம், முதலில் வரும் பெயருக்குத் தனி மவுசு எல்லாம் கிடையாது. பஸ் தம்பி தன் பெயரை அச்சில் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போய் சைக்கிள்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படிப்பை விட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பியவர்கள், பேசினால் திக்குகிறவர்கள், வேறு மொழியில் படித்துவிட்டு வந்து வாய் திறக்கப் பயந்தவர்கள். காது கண் எல்லாம் நன்றாக இருந்தும் மாடியில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் வந்தார்கள். அவர்கள்தான் அதிகம். எங்கெங்கோ இருந்த கல்லூரிகளில் அதே அட்டையை மாட்டிக்கொண்டு அதே மாதிரி அறைகள் முளைத்தன. ஒருவர் கணக்கில் சிக்கினால் இன்னொரு ஊரிலிருந்து கை நீண்டது. வலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அதுவாகவே வலையாகிவிட்டது.

இவ்வளவு ஆன பிறகு தலைவருக்கு இது தன் துறையின் பெருமை என்று தெரிந்தது. அதிகாரப்பூர்வமான ஆராய்ச்சி மையமாக அங்கீகரிக்கலாம் என்றார். அங்கீகாரம் கிடைத்தால், இங்கே வருகிறவர்களை அவரவர் கல்லூரி வியாழனன்று பணி நாளாகவே அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டே நிபந்தனை. கூட்டம் மாடி மண்டபத்தில் மாலை ஐந்துக்கு நடக்க வேண்டும். திரும்பிப் பேசுவது பேசுகிறவர் விருப்பம்.

கீழறையில் நாலு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். வண்டிக்காரர் முந்திக்கொண்டார். "எனக்காகப் பாக்காதீங்க. நீங்க மேல போங்க. எனக்கு போன்ல காட்டுங்க, போதும்."

நாலு மணி, "பசங்களை யார்கிட்டயாவது விட்டுட்டு எப்பவாவது வரேன்" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஒரு புள்ளிய எடுத்தா வலை தாங்குமான்னுதானே இத்தனை நாளா கணக்குப் போட்டோம்? இப்போ ஆளாளுக்கு ‘என்னை எடுத்துடுங்க’ன்னு வரிசைல நிக்கறீங்க? வெக்கமா இல்ல?"

பஸ் தம்பி மட்டும் வாயே திறக்கவில்லை. அக்கா அவனைப் பார்த்தார். "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியேக்கா" என்று தலையாட்டினான்.

"அட்டைல என்ன எழுதியிருக்கு? ஆட்டாதே. நெஜத்தைச் சொல்லு."

அவன் நிமிர்ந்து, அக்கா பார்க்கும்படி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்: "எங்க காலேஜ் முதல்வர் கறாரா சொல்லிட்டாரு. பல்கலைக்கழகத்து அங்கீகாரம் இல்லாம இனி ஒரு வியாழன்கூட விடமாட்டாராம். எனக்கு அது வேணும்கா. இந்த வியாழக்கிழமை இல்லேன்னா நான் மறுபடி அந்த ஊர்ல தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருக்கணும். அது என்னால முடியாது."

ஒரு பக்கம் வண்டிக்காரர், ஒரு பக்கம் இவன். யாரை விடுவது? அக்கா முடிவு எதுவும் எடுக்காமல்தான் மறுநாள் மையத்தை அறிவிக்கும் கூட்டத்துக்கு மாடிப்படி ஏறினார். வண்டிக்காரரைத் தூக்கிக்கொண்டு வர இரண்டு உதவியாளர்களை அனுப்பியிருந்தார் தலைவர். "நான் மூட்டை இல்ல, ஆளு" என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, வண்டிக்காரர் கீழே சைக்கிள் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்தில் பல்கலைக்கழகக் குழு, துறையின் ஆசிரியர்கள் எல்லாரும் இருந்தார்கள். தலைவர் அக்காவை வாயாரப் புகழ்ந்தார். புகழும்போது முகம் இந்தப் பக்கம்தான் இருந்தது. பிறகு நிபந்தனைகளை எழுதப் பலகைப் பக்கம் போனார். எழுதிக்கொண்டே பேசினார். அக்காவின் மெஷினில் மின்விசிறி மட்டும் ஓடியது. தலைவர் கையை நிறுத்தினார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அதே மண்டபம், அதே முதுகு. ஏதோ கேட்டிருக்கிறார், என்ன என்று தெரியவில்லை. பழைய பழக்கம் கழுத்தில் ஏறிக்கொண்டு வந்தது. தலை கீழே இறங்கப் போவது அக்காவுக்கே தெரிந்தது. ஒரே ஒரு ஆட்டல், பஸ் தம்பிக்கு வியாழக்கிழமை கிடைத்துவிடும்.

"சார், திரும்புங்க!"

கத்தியது பஸ் தம்பி. கடைசி வரிசையில் எழுந்து நின்றிருந்தான். காது நன்றாகக் கேட்கிறவன், தலைவர் சொன்னது ஒன்றுவிடாமல் கேட்டவன், அந்த அங்கீகாரம் யாரையும்விட அதிகமாகத் தேவைப்பட்டவன். "அக்காவுக்குக் கேக்கல. திரும்பி நின்னு கேளுங்க சார்."

முன்வரிசையிலிருந்து ‘நாலு மணி’யும் குரல் கொடுத்தார்: "எனக்கும் புரியல. திரும்புங்க சார்." ஜன்னலுக்குக் கீழே, சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து வண்டிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: "அங்க என்னதான் நடக்குது? திரும்பச் சொல்லுங்க!"

தலைவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. பலகையைப் பார்த்துச் சரளமாகச் சொன்னதை இப்போது அக்காவின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "அதாவது... கூட்டம் இங்க... அஞ்சு மணிக்கு... திரும்பறது அவங்கவங்க விருப்பம். சம்மதம்தானேன்னு கேட்டேன்."

"வண்டிக்காரர் எப்படி சார் மேல வருவாரு?"

தலைவர் வாயைத் திறந்தார். மூடினார். அக்காவுக்கு அந்த வாயை நன்றாகத் தெரியும். ‘வெளிப்படை’ என்று எழுதிவிட்டுத் திரும்பிய அன்று அவருடைய வாயும் அப்படித்தான் இருந்தது.

"எனக்குச் சம்மதம் இல்ல சார்" என்றார் அக்கா. "நல்லாக் கேட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். போன தடவை கேக்காமலே என் கணக்கைக் குடுத்துட்டேன். இந்தத் தடவை என் ஆளுங்களைக் குடுக்க மாட்டேன். உங்க மையத்தை நீங்களே வெச்சுக்கங்க."

படி இறங்கும்போது பஸ் தம்பி பக்கத்தில் வந்தான். அக்காவுக்கு அவனைப் பார்க்கவே முடியவில்லை. "ஏன்டா கத்தினே? உன் வியாழக்கிழமை போச்சேடா."

"நீங்க ஆட்டியிருந்தா நான் அந்த வியாழக்கிழமைக்கு வந்து என்னக்கா பண்ணப்போறேன்? அதுக்கு எங்க ஊர்ச் சுவரே தேவலை" என்றான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் லிஃப்ட் மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டார். "அவன் வரக்கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க? நீங்க போகக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அடுத்த வியாழன், பஸ் தம்பியின் கல்லூரி வாசலில் ஒரு சாமான் வண்டி வந்து நின்றது. மெக்கானிக் அதன் பின்பக்கம் பலகை போட்டுச் சரிவு செய்திருந்தார், வண்டிக்காரர் அதில் ராஜா மாதிரி உருண்டு இறங்கினார். அக்கா இறங்கினார், நாலு மணி இறங்கினார், பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து வேறு கல்லூரிகளின் ஆட்கள் கும்பலாக இறங்கினார்கள். கல்லூரி முதல்வர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். "ஒண்ணும் இல்ல சார். உங்க ஆசிரியரை நீங்க அனுப்ப வேண்டாம். அவருக்கு வகுப்பு இல்லாத நேரத்துல நாங்க உக்காந்து கணக்குப் போட்டுட்டுப் போறோம். கீழ்த்தளத்துல ஒரு ரூம் இருந்தா போதும்" என்றார் அக்கா. இத்தனை பேராசிரியர்களை ஒரே இடத்தில் அந்தக் கல்லூரி பார்த்ததில்லை. முதல்வரே போய்ச் சாவியை எடுத்து வந்தார்.

பஸ் தம்பி தன் சொந்தப் பலகை முன் நின்றான். தன் சொந்த மாணவர்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்க்க, புதுக் கணக்கின் முதல் வரியை எழுதினான். பதற்றத்தில் பலகையைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டான். அறை முழுக்க ஒரே குரலில் எழுந்தது: "திரும்புங்க!" அவன் திரும்பினான்.

முதல்வர் வாசலில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு வரிக்கும் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"சார், புரிஞ்சுதா?"

முதல்வர் தூக்கிவாரிப்போட்ட மாதிரி நிமிர்ந்தார். எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. "இல்லம்மா" என்றார், மெதுவாக.

"அப்போ ஆட்டாதீங்க. உக்காருங்க" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார் அக்கா. "தம்பி, சாருக்கு முதல்லேருந்து சொல்லு."